'வயசாயிடுச்சு... அதான்!' - முதுமையில் நாய், பூனைகளுக்கு வரும் நோய்களும் நாம் கவனிக்கத் தவறும் அறிகுறிகளும்

எங்கள் வீட்டில் ஜூலி இருந்தாள். வெள்ளை வெளேர் என்று புசுபுசு முடியோடு, யார் கேட்டைத் தொட்டாலும் முதல் ஆளாக ஓடிவந்து குரைக்கும் பொமரேனியன். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து அப்பா தூக்கிவந்தார். நான் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினோரு வயது.

அந்த வருட மழைக்காலத்தில் ஜூலி வழக்கத்தைவிட நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். நிரப்பி வைக்க வைக்கக் கிண்ணம் காலியானது. அதுவரை ஒருநாள்கூட வீட்டுக்குள் அசிங்கம் செய்யாதவள், ஹாலிலேயே சிறுநீர் கழித்தாள். அம்மா திட்டினார். "விடு... அதுக்கும் வயசாகுதுல்ல" என்றார் அப்பா. விடுமுறைக்கு ஊருக்குப் போன நானும், அவள் சுருண்டு படுத்துக்கிடப்பதைப் பார்த்து அதையேதான் நினைத்தேன்.

சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்த பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் பார்த்தவர், கர்ப்பப்பை முழுக்கச் சீழ் கோத்திருப்பதாகச் சொன்னார். எப்போதிலிருந்து தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறாள் என்று கேட்டார். "பத்து நாளா..." என்றார் அம்மா. மருத்துவர் எதுவும் சொல்லவில்லை. அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் விடிவதற்குள் ஜூலி போய்விட்டாள்.

அந்தப் பத்து நாளும் அவள் எங்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நாங்கள்தான் அதற்கு 'வயசு' என்று பெயர் வைத்துவிட்டோம். வயது என்பது நோய் இல்லை. ஆனால், நோயை மறைத்துவைக்கும் போர்வையாக அது மாறிவிடுகிறது. உங்கள் வீட்டிலும் வயதான நாயோ, பூனையோ இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எத்தனை வயதில் முதுமை?

'நாயின் ஒரு வயது, மனிதருக்கு ஏழு வயது' என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால், அது சரியான கணக்கு அல்ல. நாய்களின் முதுமை, உடல் அளவைப் பொறுத்தது. கிரேட் டேன் போன்ற மிகப் பெரிய இனங்கள் ஆறு வயதிலேயே முதுமையைத் தொட்டுவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு ஏழெட்டு வயது. பொமரேனியன், டாஷ்ஹண்ட் போன்ற சிறிய நாய்களுக்குப் பத்து வயதுவாக்கில்தான் முதுமை தொடங்கும். வீட்டுக்குள் வளரும் பூனைகளுக்கும் பத்து, பதினோரு வயதுக்குப் பிறகுதான்.

அதன் பிறகு, வருடத்துக்கு ஒருமுறை தடுப்பூசிக்கு மட்டும் மருத்துவரிடம் போனால் போதாது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை, கூடவே ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் அவசியம். நமக்கு ஆறு மாதம் சின்ன இடைவெளி. பன்னிரண்டு வயதுப் பூனைக்கு அது ரொம்பப் பெரியது.

தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகிறதா?

வயதான செல்லப்பிராணிகளிடம் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். அதிக தாகமும் அதிக சிறுநீரும் சேர்ந்து வந்தால், அதற்குப் பின்னால் மூன்று முக்கியமான காரணங்கள் இருக்கலாம்.

*சிறுநீரகச் செயலிழப்பு:* வயதான பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிரச்னை, நாய்களுக்கும் வரும். சிறுநீரகம் பழுதாகும்போது சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் முதலில் குறைகிறது. அதனால் சிறுநீர் அதிகமாகவும் வெளுத்தும் போகிறது. அதை ஈடுகட்டத்தான் அதிகம் தண்ணீர் குடிக்கின்றன. உடல் இளைப்பது, பசியின்மை, வாந்தி போன்றவை பிறகுதான் வரும். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் பெரும்பகுதி போன பிறகே நம் கண்ணுக்கு அறிகுறிகள் தெரியும் என்பதுதான் இதில் சிக்கல். பழுதான பகுதியை மீட்க முடியாது. ஆனால், சீக்கிரம் கண்டுபிடித்தால் உணவு மாற்றம், மருந்துகள், திரவச் சிகிச்சை மூலம் மாதங்களை வருடங்களாக்கலாம்.

*சர்க்கரை நோய்:* நன்றாகச் சாப்பிடும், நிறையத் தண்ணீர் குடிக்கும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். நாய்களுக்குச் சர்க்கரை நோய் வந்தால் கண்களில் புரை வேகமாக விழுந்து பார்வை போகலாம். தினமும் இன்சுலின் போட வேண்டும். கேட்க மலைப்பாக இருந்தாலும், வீட்டில் இருப்பவர்களே கற்றுக்கொண்டு போட்டுவிடலாம். குண்டான பூனைகளுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆரம்பத்திலேயே சரியான சிகிச்சையும் உணவும் கொடுத்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வரும்.

*கர்ப்பப்பையில் சீழ்:* ஜூலிக்கு வந்தது இதுதான். கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்களுக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து ஒன்று, இரண்டு மாதங்களில் இது வரும். தாகம், சோர்வு, வாந்தி, வயிறு உப்புவது ஆகியவை அறிகுறிகள். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வடியும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. அதுதான் அதிக ஆபத்து. இதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இளவயதிலேயே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் இந்தப் பிரச்னைக்கே இடமில்லை. 'பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்' என்று நாங்களும் தள்ளிப்போட்டவர்கள்தான்.

இவை தவிர, ஹார்மோன் கோளாறுகளாலும் தாகம் அதிகமாகலாம். வீட்டிலேயே ஓர் எளிய பரிசோதனை செய்து பாருங்கள். காலையில் தண்ணீரை அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நாய் என்றால் 100 மில்லிக்கு மேலும், பூனை என்றால் 50 மில்லிக்கு மேலும் ஒரு நாளில் குடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்து கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் என்பது எல்லைக்கோடு.

முக்கியமான விஷயம், வீட்டில் அசிங்கம் செய்கிறது என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் பழுதான பிராணிக்கு அது உயிருக்கே ஆபத்து.

படி ஏறத் தயங்குகிறதா?

வயதான நாய்களில் மூட்டுத் தேய்மானம் மிகச் சாதாரணம். படுத்து எழுந்திருக்கச் சிரமப்படும். காலையில் விறைப்பாக நடந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். ஸ்கூட்டியில் தாவி ஏறியது, இப்போது தூக்கிவிடச் சொல்லி நிற்கும். வலித்தால் கத்துமே என்று நினைக்கிறோம். நாள்பட்ட வலிக்குப் பெரும்பாலான நாய்கள் கத்துவதில்லை, அமைதியாகிவிடும். அந்த அமைதியைத்தான் நாம் வயது என்கிறோம்.

பூனைகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக மறைக்கும். நொண்டவே நொண்டாது. ஆனால், பீரோ மேல் ஏறாது. முதுகை நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் முடி சிக்குப்பிடிக்கும். நகம் நீண்டு வளைந்திருக்கும். மணல் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் பக்கத்திலேயே சிறுநீர் கழிக்கும்.

டைல்ஸ் தரைதான் இவற்றுக்கு முதல் எதிரி. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை பழைய ஜமுக்காளத்தையோ, கால்மிதியையோ விரித்துவையுங்கள். நடுங்கும் கால்களுக்கு அது பெரிய பிடிமானம். தாழ்வான விளிம்புள்ள மணல் தட்டு, தினமும் இரண்டு மூன்று முறை குறுகிய நடை ஆகியவையும் உதவும். எல்லாவற்றையும்விட உதவுவது எடைக் குறைப்பு.

நம் மாத்திரை அதற்கு விஷம்

வலியில் இருக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மாத்திரையைப் பாலில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பாரசிட்டமால் பூனைகளுக்குக் கொடிய விஷம். அதைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரே ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாய்களுக்கு வயிற்றுப் புண், ரத்தப்போக்கு, சிறுநீரகச் செயலிழப்பை ஏற்படுத்தும்.

டைக்ளோஃபினாக் கொடுக்கப்பட்ட மாடுகள் இறந்த பின், அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது. நாம் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் வலி ஜெல்லிலும் பல நேரம் அதே மருந்துதான் இருக்கிறது. தேய்த்த காலை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய், பூனைகளுக்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாய் நாற்றம் இயல்பா?

இல்லை. ஈறு வீங்கி, பல்லில் பழுப்புக் காரை படிந்து, கிருமிகள் பெருகியிருப்பதன் அடையாளம் அது. சாப்பிட ஆசையாக ஓடிவந்து, ஒரு வாய் கடித்துவிட்டு விலகிப் போனால் பல்வலியாக இருக்கலாம். ஒரு பக்கமாக மெல்வது, எச்சில் வடிவதும் அப்படித்தான். பற்களைச் சுத்தம் செய்து, ஆடும் பல்லை எடுத்துவிட்டால், சோர்ந்து கிடந்த கிழட்டு நாய் மறுபடி பந்து பொறுக்க ஓடும். நம் பற்பசையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். அவை துப்பாமல் விழுங்கிவிடும். அதில் இருக்கும் ஃப்ளூரைடும், சிலவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்ற இனிப்பும் நாய்க்கு ஆகாது.

கண்ணில் நீலம், வெள்ளை

வயதான நாயின் கருவிழிக்குள் நீலம் கலந்த மங்கல் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது கண் வில்லை வயதால் இறுகுவது. பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. பால் போன்ற வெண்மை என்றால் அது புரையாக இருக்கலாம். நாய்களுக்கும் புரை அறுவை சிகிச்சை உண்டு. கண் சிவந்து, வீங்கி, வலியால் மூடிக்கொண்டால் அன்றே காட்ட வேண்டும்.

பார்வை போன நாய் வீட்டின் வரைபடத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் நடக்கும். அதனால் சோபா, கட்டிலை இடம் மாற்றாதீர்கள்.

இருமலும் மூச்சிரைப்பும்

பொமரேனியன் போன்ற சிறிய நாய்களுக்கு வயதானால் இதய வால்வு தடித்து, ரத்தம் பின்னோக்கிக் கசியும். டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய நாய்களுக்கு இதயத் தசையே பலவீனமாகும். இரவில் இருமல், சிறிது தூரம் நடந்தாலே இரைப்பு, மயங்கி விழுவது ஆகியவை அறிகுறிகள். 'தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கு' என்று நினைத்து விட்டுவிடுவோம்.

இதற்கும் செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும். ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதய நோய் உள்ள பூனைகள் பெரும்பாலும் இருமுவதில்லை. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, திடீரென்று பின்னங்கால்கள் செயலிழந்து அலறினாலோ ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். இரண்டாவதற்கு ரத்தக் கட்டி அடைப்பு காரணமாக இருக்கலாம்.

தடவிக் கொடுக்கும்போது கட்டி தட்டுப்படுகிறதா?

எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. நாய்களின் தோலுக்கடியில் மெத்தென்று உருளும் பல கட்டிகள் வெறும் கொழுப்புக் கட்டிகள். ஆனால், கையால் தொட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஊசியால் சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது எளிதான வேலை. பெண் நாய்களுக்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும். பூனைகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான். பட்டாணி அளவில் இருக்கும்போது எடுப்பதற்கும், எலுமிச்சை அளவு வளரும்வரை காத்திருப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது.

நன்றாகச் சாப்பிட்டும் பூனை இளைக்கிறதா?

பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று குட்டிப்பூனை மாதிரி சுறுசுறுப்பாகி, எந்நேரமும் பசி பசி என்று கத்தி, அப்படியும் இளைத்தால் சந்தோஷப்படாதீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோயாக இருக்கலாம். நாய்களுக்குப் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தைராய்டு குறைந்து, குண்டாகி, மந்தமாகி, முடி கொட்டும். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனையும் மருந்தும் உண்டு.

ராத்திரியில் எழுந்து அலைகிறதா?

நம் தாத்தா, பாட்டிகளுக்கு வருவதுபோல நாய், பூனைகளுக்கும் நினைவு தடுமாறும். பகலெல்லாம் தூங்கி, ராத்திரி வீடு முழுக்க அலையும். கதவின் தவறான பக்கத்தில் போய் நிற்கும். மூலையில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் விழிக்கும். வீட்டு ஆட்களையே ஒரு கணம் அடையாளம் தெரியாமல் பார்க்கும். பூனை நடுராத்திரியில் ஓலமிடும். முதலில் வலி, காது கேளாமை, ரத்த அழுத்தம் போன்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு மருந்துகள் ஓரளவு உதவும். இரவு விளக்கு, மாறாத சாப்பாட்டு நேரம், பகலில் கொஞ்சம் விளையாட்டு ஆகியவை அதைவிட உதவும். திட்டுவது மட்டும் எதற்கும் உதவாது.

தட்டில் என்ன வைக்கிறோம்?

அமெரிக்காவில் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு, 2002-ல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவிகிதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பாசத்தில் நாம் கொடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ட்ரா பிஸ்கட்டும் எங்கே போய்ச் சேர்கிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மிச்சமான பிரியாணியில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் ரத்த அணுக்களையும் சிதைக்கும். திராட்சை, கிஸ்மிஸ் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சாக்லேட் கூடவே கூடாது. பூனை முழு மாமிச உண்ணி. பால் சாதமும் தயிர் சாதமும் மட்டும் அதற்குப் போதாது. பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகிவிடும். 'பசிச்சா தானா சாப்பிடும்' என்று காத்திருக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை வீட்டிலேயே...

* எடை பாருங்கள். தூக்கிக்கொண்டு நீங்கள் எடை மெஷினில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.
* ஒரு நாள் குடிக்கும் தண்ணீரை அளந்து எழுதுங்கள்.
* தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள்.
* கழுத்திலிருந்து வால் வரை தடவி, கட்டி, புண், உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.
* உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம்.
* நடப்பது, எழுவதை 20 நொடி வீடியோ எடுத்துவையுங்கள். கிளினிக்கில் பயத்தில் நேராக நடந்துவிடும். வீடியோ பொய் சொல்லாது.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு, வயிறு திடீரென்று உப்பி வாந்தி வராமல் குமட்டுவது, சிறுநீர் வராமல் முக்குவது, ரத்தம் வடிவது. இவற்றில் எது இருந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் தவித்தால் அதை மலச்சிக்கல் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள்; அடைப்பாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

செலவை நினைத்துத்தான் பலர் தயங்குகிறார்கள். அரசு கால்நடை மருந்தகங்களையும், பெரிய ஊர்களில் உள்ள பன்முக மருத்துவமனைகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிக்கலான பிரச்னைகளுக்கு சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

கடைசி நாள்கள்

எல்லா நோய்க்கும் சிகிச்சை இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சாப்பாடு, நடை, சுத்தம், நம்மைப் பார்த்ததும் வரும் சந்தோஷம் எல்லாம் போய், கெட்ட நாள்கள் நல்ல நாள்களைவிட அதிகமாகும் கட்டம் வரலாம். வலியில்லாமல் விடைகொடுப்பது பற்றி அப்போது மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அது துரோகம் இல்லை. ஆனால், அந்த முடிவுக்கு வருவதற்கு முன்னால், வைத்தியம் பார்த்தால் சரியாகக்கூடியதை வயசு என்று தள்ளிவிடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஜூலி போன பிறகு வீட்டில் மிச்சம் இருப்பது சீனு. பத்து வயதைத் தாண்டிய மஞ்சள் பூனை. போன வருடம் அவன் எடை மூன்று மாதங்களில் நாலு கிலோவிலிருந்து மூன்றரைக்கு இறங்கியது. பார்த்தால் தெரியவே தெரியாது, சாப்பாடும் குறையவில்லை. ஆனால், அப்பா கண்டுபிடித்துவிட்டார். சிறுநீரகப் பாதிப்பு, ஆரம்பக் கட்டம் என்றது பரிசோதனை. இப்போது அவனுக்குத் தனிச் சாப்பாடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. எடை குறையாமல் நிற்கிறது. காலையில் அம்மா மீன் கழுவினால் இன்னமும் அவன்தான் முதல் ஆள்.

ஊருக்குப் போனால் அடுப்படியில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்ப்பேன். பால் கணக்குக்குப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், சிவப்பு மையில் எழுதியிருக்கும்: 'சீனு - 3.6. தண்ணீர் - 140.'

ஜூலிக்கு அப்படி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பத்து நாள் முன்பே தெரிந்திருக்கும்.